எந்த ஸ்கோப் வாங்கலாம் என்று கேட்டிருந்தாய்

தம்பி,

இந்த வருட வேட்டைக்குத் துப்பாக்கியில் மாட்ட எந்த ஸ்கோப் வாங்கலாம் என்று கேட்டு எழுதியிருக்கிறாய். உன் அத்தான் ஆஸ்முண்டின் கால் எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை.

சுடுதளத்தில் குறி அட்டையைச் சுட இருபத்தைந்து மடங்கு பெரிதாக்கும் ஸ்கோப் நல்லது. காட்டில் எல்க் மானுக்கு அது ஆகாது. அங்கே இரண்டு மடங்கில் தொடங்குவதும், அகலமான முன்கண்ணாடி உள்ளதும், அந்தியிலும் தெளிவாகக் காட்டுவதும் வேண்டும். போன வருடம் எல்வெரும் கடையில் அத்தான் இதையேதான் சொன்னார். "போங்க அத்தான், அதெல்லாம் கிழவங்களுக்கு" என்று சிரித்துவிட்டு இருபத்தைந்து மடங்கையே வாங்கினாய்.

வேட்டையன்று கண்ணாடி முழுக்க மானே நிறைந்திருந்ததாம். அதன் பின்னால் நாயைப் பிடித்தபடி செம்மஞ்சள் சட்டையில் நின்ற அத்தான் தெரியவில்லையாம். அதைக்கூட மன்னித்திருப்பேன். ஆனால் ஸ்கோப் நகர்ந்ததால்தான் குண்டு விலகிப் போனது என்று போலீஸிடம் சொன்னாய்.

உன் துப்பாக்கி போலீஸிடமிருந்து எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்ததும், ஸ்கோப்பைத் தொடாமல் சுடுதளத்துக்கு எடுத்துப்போனேன். நூறு மீட்டரில் ஐந்து குண்டுகள் சுட்டேன். ஐந்தும் குறியின் நட்டநடுவில், ஒரு நாணய அளவு இடத்தில் விழுந்தன.

அத்தானிடம் அட்டையைக் காட்டினேன். "பயத்துல சொல்லிட்டான், விடு. அதைத் தூக்கி அடுப்புல போடு" என்றார்.

நேற்று அந்த அட்டையைப் போலீஸ் நிலையத்தில் கொடுத்துவிட்டு வந்தேன். "அவன் உன் கூடப் பொறந்தவன்" என்றார் அத்தான். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை.

உன்னை மறுபடி கூப்பிடுவார்கள். இந்த முறையாவது நடந்ததைச் சொல்.

அக்கா