திரைக்குப் பின்னால் நான் கேட்டது

மிஸ், இதை யாருக்கும் காட்டாதீர்கள். இறந்து போனவரிடம் இப்படிக் கெஞ்சுவது பைத்தியக்காரத்தனம் என்று தெரியும். ஆனால் நீங்கள் இருக்கும் இடத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. இந்த ஐந்தாறு வருடத்தில் எங்கள் ஊரிலிருந்தும் நிறையப் பேர் அங்கே வந்துவிட்டார்கள். அவர்களுக்கும் காட்டாதீர்கள்.

இன்று மாரி காலத்தின் முதல் மழை. கடைசியாக வந்த அன்று நீங்கள் மறந்து விட்டுப் போன கறுப்புக் குடை எங்கள் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. ஒரு மாதத்துக்கு மேலாக யாரும் அதைத் தொடவில்லை. பின்னேரம் கொடியில் கிடந்த உடுப்புகளை எடுக்க உம்மா அதை விரித்தார். உடனே உங்கள் நெற்றித் தைலத்தின் வாசம் வீடு முழுக்கப் பரவியது. அப்போதுதான் பூசியதைப் போல.

“ஆரு புள்ள ஊட்டுக்க தைலம் பூசின?” என்று உம்மா கேட்டார்.

நான் உங்களிடம் சொல்லாமல் விட்ட ஒன்றைக் கேட்கத்தான் வந்திருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

இந்தச் சண்டைக் காலத்தில், பாண்டிருப்பிலிருந்து எங்கள் முஸ்லிம் ஊரான மருதமுனைக்குள் ஒரு தமிழ்ப் பெண் தனியாக நடந்து வருவது லேசான காரியம் அல்ல. நீங்களோ உளவளத்துணை என்று சொல்லிக்கொண்டு, ஆண்களைப் பறிகொடுத்த வீடுகளுக்குள் போய்ப் பெண்களின் துக்கத்தைக் கேட்க வேண்டியவர். அதனால்தான் பாடசாலையில் என்னைக் கேட்டு வாங்கினீர்கள். எங்கள் பிள்ளை ஒன்று பக்கத்தில் நடந்தால் ஒழுங்கையில் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். வகுப்பில் எனக்குச் ‘சின்ன மிஸ்’ என்று பட்டம் வைத்தார்கள். “சின்ன மிஸ் வாறா, அழுறவங்க வரிசைல வாங்க” என்பார்கள். சந்திக் கடைக்கார நானாவும் விடமாட்டார்.

“சின்ன மிஸ், இண்டைக்கு எத்தின பேர அழ வெச்ச?”

“ரெண்டு பேர். நீங்க வந்தா மூணு.”

வீட்டுக்குள் போனால் நீங்கள் அறையில், நான் வெளி விறாந்தையில். நடுவில் ஒரு திரைச்சீலை. அந்தத் திரை இருந்ததால் எல்லோருக்கும் மனம் ஆறுதலாக இருந்தது. ஒரு சீலைத் துண்டுக்குப் பின்னால் இரண்டு காது இருக்கிறது என்று யாரும் நினைக்கவில்லை. நான் எல்லாவற்றையும் கேட்டேன் மிஸ். ஒரு சொல் விடாமல்.

உங்களுக்குச் சனிக்கிழமைகளில் மட்டக்களப்பு. அங்கே உங்களுக்கு இந்த வேலையைப் பழக்கிய ஒரு கன்னியாஸ்திரி சிஸ்டரிடம், அந்தக் கிழமை கேட்டதையெல்லாம் போய்ச் சொல்வீர்கள். சோதனைச் சாவடியில் கொப்பியைப் புரட்டிப் பார்ப்பார்கள் என்பதால் எதையும் எழுத மாட்டீர்கள். பெயரும் சொல்ல மாட்டீர்கள். முற்றத்து மரத்தைச் சொல்லித்தான் ஆளைக் குறிப்பீர்கள். மாமரத்து வீடு, தோடை மரத்து வீடு, முருங்கை மரத்து வீடு. அந்தப் பெண்கள் என்ன சொன்னார்கள் என்பதை விட, அதைக் கேட்டபோது உங்களுக்குள் என்ன நடந்தது என்றுதான் சிஸ்டர் அதிகம் கேட்பாராம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வாசலில் வந்து நின்றீர்கள். கண் வீங்கியிருந்தது.

“மகள், சிஸ்டர் நேற்று ஒரு கேள்வி கேட்டா. அந்த வீட்டுக்குள்ள வேற ஆர் இருந்ததெண்டு. ஒருத்தரும் இல்லையெண்டு சொன்னன். அப்ப நீ ஆரோட போனாய் எண்டு கேட்டா.” வாசல் படியில் உட்கார்ந்தீர்கள். “பஸ்ஸில வரக்குள்ள எனக்குத் தலை நிமிரல்ல. பிழை என்னில. திரை போட்டா காதும் மூடுமெண்டு நினைச்சிட்டன்.”

“நான் ஒண்டும் கேக்கல்ல மிஸ். பாடம் படிச்சிட்டிருந்தன்.”

“புத்தகம் தலைகீழாக் கிடந்திச்சு மகள்.”

அப்போதும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. முதல் நாளே உம்மா சொல்லித்தான் அனுப்பியிருந்தார்: “போற ஊட்டுக் கதையக் கேக்கப்படா. காதுல விழுந்தாலும் விழல்லெண்டு சொல்லு.” ஒட்டுக் கேட்பது பாவம். கேட்டேன் என்று சொன்னால் பாவம் ஊர்ஜிதமாகிவிடும்.

அன்றிலிருந்து திரும்பி நடக்கும்போதெல்லாம் கேட்பீர்கள், “இண்டைக்கு ஏதும் சுமக்கிறியா?” “இல்ல மிஸ்” என்பேன். “கேட்ட ஆள் தனிய நிக்கப்படாது மகள். எனக்கு சிஸ்டர் இருக்கிறா. சிஸ்டருக்கும் ஒரு ஆள் இருக்கு. உனக்கு நான்” என்பீர்கள். இன்னொன்றும் சொன்னீர்கள். “ஆர்ர கதையும் வெளிய போகப்படாது. ஆனா ஒரு உயிருக்கு ஆபத்தெண்டா, அத வாய்க்குள்ள வெச்சிரிக்கப்படாது.”

கடைசி வியாழக்கிழமை முருங்கை மரத்து வீட்டுக்குப் போனோம். எங்கள் வீட்டிலிருந்து நாலாவது வளவு. அந்த ராத்தாவின் புருஷன் சவளக்கடைப் பக்கம் வயல் பார்க்கப் போனவர். உயிரில்லாத ஜனாஸாவாகத்தான் கொண்டு வந்தார்கள். அவர் ஓட்டிப்போன சைக்கிள் கிடைக்கவே இல்லை. புருஷனை இழந்தவர் நான்கு மாதமும் பத்து நாளும் வெளியே வராமல் இருக்கும் இத்தாவில் ராத்தா இருந்தார்.

நடுவில் நீங்கள் முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனீர்கள். அப்போது திரைக்கு அந்தப் பக்கத்தில், மிகவும் கிட்டத்தில், ராத்தாவின் குரல் கேட்டது.

“நீ கேட்டுட்டு இரிக்காயெண்டு எனக்குத் தெரியும் புள்ள. அவரு ஒவ்வொரு நாளும் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பொறகு வாறாரு. சைக்கிள ஸ்டாண்ட் போடுற சத்தம் கேக்கும். இத்தா முடியட்டும், கூட்டிப் போறன் எண்டு சொல்றாரு. நான் ஓமெண்டுட்டன். மிஸ்ஸுக்குச் சொல்லிராத. அவ போக உடமாட்டா.”

அவர் சொல்லி வாய் மூடவில்லை, என் முதுகுக்குப் பின்னால் முற்றத்தில் ‘டக்’ என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தேன். கூட்டிய மணலில் விளக்குமாற்றுக் கோடுகள் மட்டும் இருந்தன. சக்கரத் தடமோ கால் தடமோ இல்லை.

திரும்பி வரும்போது கேட்டீர்கள், “ஏதும் சுமக்கிறியா?”

“இல்ல மிஸ்.”

நீங்கள் என்னை நீண்ட நேரம் பார்த்தீர்கள். இன்னொரு தரம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். சனிக்கிழமை பாதையை மூடிவிட்டார்கள். உங்களால் மட்டக்களப்புக்குப் போக முடியவில்லை. ஞாயிறு காய்ச்சல். புதன்கிழமை கல்முனை ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்துவிட்டது. போயிருந்தாலும் சிஸ்டரிடம் என்ன சொல்லியிருப்பீர்கள்? உங்களுக்கே தெரியாததை எப்படிச் சொல்வீர்கள்?

நாளை பொழுது சாய்ந்து மஹ்ரிபோடு ராத்தாவின் இத்தா முடிகிறது.

இன்று பகல் உம்மா கொடுத்தனுப்பிய கஞ்சியோடு அந்த வீட்டுக்குப் போனேன். ராத்தா தன் உடுப்புகளையெல்லாம் மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார். வளையல்களைத் தங்கச்சியின் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டாராம். வீட்டில் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டாராம். அவருடைய உம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

“இப்பதான் எண்ட புள்ளைக்கு முகம் தெளிஞ்சிரிக்கி. எல்லாம் அந்த மிஸ்ஸால. அவ மவுத்தான கதைய மட்டும் சொல்லிராத மகள், தாங்கமாட்டா.”

ராத்தா என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் கஞ்சியை வைத்துவிட்டு ஓடி வந்துவிட்டேன். அந்த வீட்டில் எல்லோரும் தெளிவென்று நினைப்பது தெளிவு அல்ல என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

மிஸ், சிஸ்டர் உங்களிடம் கேட்பதை இப்போது நீங்கள் என்னிடம் கேட்பீர்கள். கேட்டபோது உனக்குள் என்ன நடந்தது? உண்மையைச் சொல்கிறேன். பயந்தேன். ஆனால் பயத்துக்கு முன்னால், ஒரு கணம், எனக்குப் பெருமையாக இருந்தது. உங்களிடம் சொல்லாததை ராத்தா என்னிடம் சொன்னார். அதை வைத்திருக்க எனக்கு ஆசையாக இருந்தது. பாவத்துக்குப் பயந்து மட்டும் நான் பொய் சொல்லவில்லை.

அன்றிலிருந்து அஸர் நேரமானால் எங்கள் வீட்டு முற்றத்திலும் ‘டக்’ என்று கேட்கிறது. உம்மாவுக்குக் கேட்பதில்லை. ராத்தாவின் துக்கம் சுவர் தாண்டி வந்ததா, சொல்லாமல் அடக்கிய என் வாய்தான் காதாக மாறிவிட்டதா, தெரியவில்லை. நீங்கள் இருந்தால் அதற்கும் ஒரு கேள்வி வைத்திருப்பீர்கள்.

நீங்கள் சுமந்தவற்றை இறக்கி வைக்க ஒரு மட்டக்களப்பு இருந்தது. எனக்கு இந்தக் கொப்பிக் கடதாசி. ஆனால் கடதாசி எழும்பிப் போய் நாலாவது வளவுக் கதவைத் தட்டாது. எழுதும்போதுதான் அது விளங்குகிறது. விடியும் வரை பொறுக்கக் கூடாது. உம்மா அடித்தால் அடிக்கட்டும். இப்போதே எழுப்பி எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன். பிறகு உம்மாவோடு அங்கே போய் ராத்தாவுக்குப் பக்கத்தில் இருப்பேன். நாளை மஹ்ரிப் தாண்டியும் இருப்பேன். விடிந்ததும் வாப்பாவை மட்டக்களப்புக்கு அனுப்பி சிஸ்டரைக் கூட்டி வரச் சொல்வேன். ராத்தா என்னை மன்னிக்க மாட்டார். அது

மிஸ், யாரோ கதவைத் தட்டுகிறார்கள். மெல்ல. விரல் நுனியால்.

“புள்ள, நான்தான்.”

முருங்கை மரத்து வீட்டு ராத்தாவின் குரல். இத்தாவில் இருப்பவர், இந்த மழையில், எங்கள் வாசலில்.

“மிஸ் உள்ளுக்க இரிக்காவா? அவ கதைக்கிற சத்தம் கேட்டிச்சி.”

நான் இவ்வளவு நேரமும் வாய் திறக்கவே இல்லை, மிஸ். கதவைத் திறக்கிறேன்.