தலை நிற்காத ராட்செட்

மச்சான்,

நெடுங்காட்டு அண்ணன் உங்கள் பையைக் கொண்டுவந்து எங்கள் கூடத்தில் இறக்கியபோது, உள்ளே ஏதோ ஒன்று டக் என்று தலை சாய்ந்தது. ஜிப்பைத் திறக்குமுன்பே அது என்னவென்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஷார்ஜாவில் உங்களோடு ஒரே பட்டறையில் வேலை பார்த்து, ஒரே அறையில் தூங்கியவர் அவர். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "தம்பி, இதுல எல்லாம் இருக்கு" என்று பையைக் காட்டிவிட்டு வாசலில் போய் நின்றுகொண்டார். எல்லாம் என்றால் என்ன எல்லாம் என்று கேட்க நினைத்தேன்.

என் கூடப்பிறந்தவள், உங்களைக் கட்டியவள், லாத்தாதான் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். சட்டைகள், தொழுகை விரிப்பு, பாதி தீர்ந்த தைலக் குப்பி. கடைசியில் போல்ட் கழற்றும் அந்தத் தலை மடங்கும் ராட்செட். கைப்பிடியைப் பிடித்துத் தூக்கியதும் அதன் தலை முன்னால் விழுந்து, ஆமாம் ஆமாம் என்று ஆடியது. சட்டைகளை யாரோ நல்ல மனதோடு துவைத்து மடித்து அனுப்பியிருந்தார்கள். அவற்றில் சோப்பு வாசனைதான் வந்தது. உங்கள் கிரீஸ் வாசனை அந்த இரும்பில் மட்டும் மிச்சமிருந்தது.

லாத்தா அழவில்லை. செய்தி வந்த நாளிலிருந்தே அவள் அழவில்லை. உங்களை அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். இங்கே நாங்கள் யாரும் முகம் பார்க்கவில்லை. "பாக்காத ஒண்ண எப்படிடா நம்புறது?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள்.

இந்த ராட்செட்டை நாம் வாங்கிய நாள் நினைவிருக்கிறதா? போன லீவில், பாரதியார் வீதி டூல்ஸ் கடை. கடைக்காரர் மூன்று தினுசு எடுத்துப் போட்டார். ஒன்றில் பட்டனை அழுத்தினால் தலை எந்தக் கோணத்திலும் பூட்டிக்கொள்ளும். இன்னொன்றில் மூட்டில் திருகு இருந்தது, தளர்ந்தால் முறுக்கிக்கொள்ளலாம். மூன்றாவதில் திருகுக்குப் பதில் ஆணி மாதிரி ஒரு பின் அடித்திருந்தது; முறுக்க வழியே இல்லை. நீங்கள் ஒவ்வொன்றையும் நீட்டிப் பிடித்து, தலை நிற்கிறதா விழுகிறதா என்று பார்த்தீர்கள். காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தீர்கள். நானும் பக்கத்தில் நின்று என் தலையை உங்கள் காதருகே கொண்டுவந்து ஆட்டிக் காட்டினேன்.

"உள்ள ஒண்ணும் சத்தம் வரலையே மாப்ளே. காலியா?" என்றீர்கள்.

கடைக்காரர் சிரித்துவிட்டு, திருகு வைத்ததைத்தான் தள்ளினார். நீங்கள் பின் அடித்ததை எடுத்தீர்கள். அதுதான் மூன்றிலும் தொளதொளப்பு.

"திருகு எப்பவாச்சும் கழண்டு இன்ஜினுக்குள்ள விழும், தேடிக்கிட்டே இருக்கணும். பட்டன் நம்ம கடல்காத்துக்குப் பூத்துப்போயிரும்" என்றீர்கள்.

"அதுக்காக இதையா? தஞ்சாவூர் பொம்மை மாதிரி எதுக்கெடுத்தாலும் தலையாட்டுது."

"கை நுழையாத எடத்துல கண்ணும் நுழையாது மாப்ளே. அங்க தலைதான் தானா எடம் தேடிப் போய் உக்காரணும். வெறைச்ச தலைய வச்சுக்கிட்டு ஒவ்வொரு தடவையும் வெளியே எடுத்து வளைச்சு வளைச்சு விடணும்."

அன்றைக்கே அதற்குத் தலையாட்டி என்று பெயர் வைத்தேன். வீட்டுக்கு வந்து லாத்தாவிடம், "மச்சான் தனக்கு ஒரு தம்பி வாங்கிட்டு வந்திருக்காங்க" என்றேன். அவள் உங்களைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் ஒரு குத்தல் இருந்தது. கூடப்பிறந்த மூத்தவர் என்பதற்காக உங்கள் நானா சொல்வதற்கெல்லாம் நீங்கள் தலையாட்டுவது வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த கதை.

மறுநாள் நான் செய்த வேலையும் நினைவிருக்கும். லாத்தாவின் ரோஸ் நிற ரப்பர் பேண்டை, பிளாஸ்டிக் பூவோடு, தலையாட்டியின் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி வைத்தேன். நீங்கள் வேனுக்கு அடியில் படுத்துக்கொண்டு கையை நீட்டுவீர்கள், நான் சடை போட்ட ராட்செட்டைக் கொடுப்பேன், நீங்கள் கத்துவீர்கள், நான் ஓடுவேன். திட்டம் அவ்வளவுதான். ஆனால் அடியிலிருந்து சத்தமே வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "மாப்ளே, மூட்டு பிடிச்சிருச்சுடா. வச்ச எடத்துல நிக்குது" என்று குரல் வந்தது. ஒரு குறும்பு பலன் கொடுத்துவிட்டால் அதைவிடக் கேவலம் எனக்கு வேறு இல்லை. லாத்தா வீடு முழுக்கத் தேடிவிட்டு, "என் பூ எங்க?" என்று கேட்டபோது, "இன்ஜினுக்கு வச்சிருக்கேன்" என்றீர்கள். லீவு முடிந்து போகும்போது பூவோடு அதைப் பையில் போட்டுக்கொண்டீர்கள். ஊரெல்லாம் அங்கிருந்து இங்கே கொண்டுவரும். நீங்கள் ஒருவர்தான் காரைக்காலிலிருந்து ஷார்ஜாவுக்கு இரும்பு ஏற்றுமதி செய்தவர்.

இப்போது அந்தக் கழுத்தில் பேண்ட் இல்லை. அந்த ஊர் வெயிலில் உருகி, ரோஸ் நிறத்தில் ஒரு தழும்பு மட்டும் ஒட்டியிருக்கிறது.

சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். வேன்.

நீங்கள் ஷார்ஜாவுக்குக் கிளம்பிய வாரத்திலேயே அதன் இன்ஜினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் மக்கர் பண்ண ஆரம்பித்தது. சாவியைத் திருகினால் டிக் என்று ஒரு சத்தம், அதோடு சரி. "அடுத்த லீவுல கழட்டிருவோம்" என்றீர்கள். அதன் பிறகு அது நம் வீட்டுக் கொட்டகையை விட்டு அசையவில்லை. லாத்தாவுக்கு நீங்கள் கடற்கரைச் சாலையில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்ததும், அவள் லைசன்ஸ் எடுத்ததும், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போகலாம் என்று இரண்டு பேரும் கணக்குப் போட்டதும் எல்லாம் அந்த வேனை நம்பித்தான். ஆனால் ஆர்.சி. புத்தகம் உங்கள் நானா பேரில் இருக்கிறது. வாங்கும்போது, "நீ அங்க இருக்கே, கையெழுத்துக்கு யாரு ஓடுறது, எம்பேர்லயே இருக்கட்டும்" என்றார். நீங்கள் போனில் தலையாட்டினீர்கள். போனில் தலையாட்டினால் தெரியாது என்று நான் சொன்னேன். அவருக்குத் தெரிந்துவிட்டது மச்சான்.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்ததும் அவர் என்னிடம், "ஓடாத வண்டிய வச்சு என்ன செய்ய? வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு அப்புறம் ஆள் கூட்டிட்டு வர்றேன். இரும்புக்குப் போட்டுரலாம்" என்றார். அவரைக் கெட்டவர் என்று நான் எழுதமாட்டேன். கொட்டகைப் பக்கம் திரும்பும்போதெல்லாம் அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிடும். "அதப் பாத்தாலே நெஞ்சு அடைக்குதுடா" என்று சொன்னார். அவருக்கு அடைக்கிறது, லாத்தாவுக்கு அது ஒன்றுதான் திறந்திருக்கிறது. இதை யார் அவருக்குச் சொல்வது?

லாத்தா இத்தாவில், அந்த நாலு மாசம் பத்து நாள் துக்கத்தில், இருக்கிறாள். அது முடியும்வரை வெளியே போகக்கூடாது, அந்நிய ஆண்கள் முன்னால் வரக்கூடாது. மெக்கானிக் ஒருவர் அரை நாள் கொட்டகையில் உட்கார்ந்து வேலை பார்ப்பதை உம்மா ஒப்புக்கொள்ளவில்லை. பட்டறைக்கு இழுத்துப் போகலாம் என்றால் லாத்தா மறுத்துவிட்டாள். "வாசல் கேட்டத் தாண்டுச்சுன்னா திரும்பி வராதுடா." ஆகவே, வகுப்பறை நாற்காலியில் திருகைக் கழற்றி வைப்பதைத் தவிர வேறு எந்த இயந்திர அனுபவமும் இல்லாத நான், உங்கள் தலையாட்டியோடு வேனுக்கு அடியில் போய்ப் படுத்தேன்.

பேட்டரியைக் கழற்றிச் சார்ஜுக்குக் கொடுத்தேன். மோட்டாரைப் பிடித்திருந்த கீழ் போல்ட் சாதுவாக வந்துவிட்டது. மேல் போல்ட் கியர் பாக்ஸ் இடுக்கில் ஒளிந்துகொண்டிருந்தது. விரலுக்குத் தெரிந்தது, கண்ணுக்குத் தெரியவில்லை. "வளைஞ்ச கழுத்துல பாரம் ஏத்தாதே" என்று நீங்கள் சொல்வீர்களே, அதை மறக்கவில்லை. தலை மடங்கிய ராட்செட்டால் இறுகின போல்ட்டை இழுத்தால் போல்ட்டைக் கவ்வும் சாக்கெட் வழுக்கும், போல்ட் தலையின் விளிம்பு மழுங்கும், அப்புறம் அந்த ஆண்டவனாலும் கழற்ற முடியாது. துருவுக்கு எண்ணெய் விட்டு ஊற வைத்தேன். ரிங் ஸ்பேனரைச் செருகிச் சுத்தியலால் தட்டினேன். க்ரீச் என்று ஒரு சத்தம் வந்து போல்ட் மனம் மாறியது. ஆனால் அந்த இடுக்கில் ஸ்பேனர் அதற்குமேல் திரும்பவில்லை. இனி ராட்செட்தான்.

அங்கேதான் வந்தது வினை. மேலே தூக்கிக் கொண்டுபோனால் தலை கவிழ்கிறது. ஒரு கையால் தலையைப் பிடித்தால் அந்தக் கையே வழியை அடைத்துக்கொள்கிறது. புது ரப்பர் பேண்ட் வாங்கிச் சுற்றினேன். எண்ணெய் பட்டு வழுக்கியது. சைக்கிள் டியூப் வெட்டிச் சுற்றினேன். கழுத்து தடித்து இடுக்கில் நுழையவில்லை. தலை தானாக இடம் தேடும் என்று சொன்னீர்களே, தேடியது மச்சான், என் நெற்றியைத் தேடி வந்து விழுந்தது. வியாழக்கிழமை மத்தியானம். மறுநாள் உங்கள் நானா வருவார். அடியில் படுத்தபடி உங்களைத் திட்டினேன். திருகு வைத்ததை வாங்கியிருந்தால் என்ன, ஆர்.சி.யில் பேரை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டிருந்தால் என்ன, ஒரே ஒரு விஷயத்திலாவது கழுத்தை விறைப்பாக வைத்திருந்தால் என்ன என்று சத்தமாகவே திட்டினேன்.

"யார்கிட்டடா பேசுறே?"

வேனுக்கு அந்தப் பக்கம் லாத்தாவின் பாதங்கள் தெரிந்தன. கேட்டைத் தாழிட்டுவிட்டு வந்திருந்தாள். பின்னாலேயே உம்மா.

"அடியே, இத்தாவுல இருக்குறவ வண்டிக்கு அடியில படுப்பாளா? ஊரு என்ன சொல்லும்?"

"வண்டிக்கு அடியில படுத்தா ஊரு தெரியாதும்மா" என்று சொல்லிக்கொண்டே கோரைப் பாயை விரித்து, முக்காட்டை இறுக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். அவள் கை என் கையில் பாதி. இரண்டே விரலை அந்தப் பக்க இடுக்கில் விட்டு, தலையாட்டியின் தலையைப் போல்ட்டோடு சேர்த்து அழுத்திப் பிடித்தாள்.

"பிடிச்சிருக்கேன். திருப்பு."

டிக் டிக் டிக் என்று ராட்செட் நடக்க ஆரம்பித்தது. போல்ட் இழை இழையாக இறங்கியது. பாதி வந்திருக்கும்.

"மண்ணு போடும்போது அந்த நெடுங்காட்டு அண்ணன் பக்கத்துல இருந்தாராமா?"

நான் கையை நிறுத்தினேன். அவர் வாசலில் நின்றபோது என்னிடம் சொல்லியிருந்தார். "கொஞ்சம் தள்ளி நின்னாராம். முகத்தைப் பாத்தேன்னு சொன்னாரு. தூங்குறாப்புல இருந்துச்சாம்."

"பாத்தாரா?"

"பாத்தாராம் லாத்தா."

சாக்கெட் போல்ட்டின் மேல் லேசாகக் கடகடத்தது. ஆனால் அவள் விரல் விலகவில்லை. கண்ணிலிருந்து வழிந்தது காதுப் பக்கமாகப் போய்ப் பாயில் இறங்கியது. துடைக்க அவளுக்குக் கை இல்லை. எனக்கும் இல்லை.

"சரி. திருப்பு" என்றாள்.

மோட்டாரை சைக்கிள் கேரியரில் கட்டி, மோட்டார் காயில் கட்டும் கடையில் கொடுத்துப் பிரஷ் மாற்றி, சார்ஜ் ஏறிய பேட்டரியோடு மாலைக்குள் கொண்டுவந்தேன். மாட்டுவதும் அதே மாதிரிதான்: அவள் தலையைப் பிடிக்க, நான் வாலைத் திருப்ப. லாத்தாவே ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினாள். முதலில் இருமியது. அப்புறம் பிடித்துக்கொண்டது. கொட்டகை முழுக்கப் புகை. உம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அல்ஹம்துலில்லாஹ் என்றாள்.

வெள்ளிக்கிழமை உங்கள் நானா ஆளோடு வந்தார். நான் பெருமையாக ஏறி ஸ்டார்ட் பண்ணிக் காட்டினேன். அவர் வேனின் மேல் கை வைத்துப் பார்த்தார். கண் கலங்கியது. நாம் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

"மாஷா அல்லாஹ். ஓடுதா? அப்ப இரும்புக்கு எதுக்குப் போடணும்? அம்பகரத்தூர்ல ஒருத்தர் வேன் கேட்டுக்கிட்டிருக்கார். ஓட்டுறவங்ககிட்ட போகட்டும். சாவியக் குடு."

ஓடாத வரைக்கும் அது குப்பை. இரும்புக்காரனிடம் கெஞ்சியாவது நிறுத்தியிருக்கலாம். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அதை விரும்பத்தக்க பொருளாக ஆக்கி வைத்திருந்தோம். சாவியைக் கைக்குள் மூடிக்கொண்டேன். கதவுத் திரைக்குப் பின்னாலிருந்து லாத்தா பேசினாள். அவரிடம் நேராக இல்லை, என்னிடம்.

"ஓட்டுறவ இந்த வீட்டுலயே இருக்கான்னு அவங்க நானாகிட்ட சொல்லு. இத்தா முடியட்டும். ஜமாத்துல பெரியவங்கள வச்சுப் பேசிக்கலாம்."

நான் சொல்லத் தேவையிருக்கவில்லை. அவருக்குக் கேட்டது. அவர் தலையை ஆட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. "அடுத்த வாரம் வர்றேன். சாவிய எடுத்து வைங்க" என்று திரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த வாரம் இன்னும் வரவில்லை. ஜமாத்தில் யார் பக்கம் பேசுவார்கள் என்று தெரியவில்லை. காகிதம் அவர் பக்கம். காலையில் பேட்டரி இறங்காமலிருக்க நான் வண்டியைக் கொஞ்ச நேரம் ஓட விடுகிறேன். அடுப்படி ஜன்னலில் லாத்தா கேட்டுக்கொண்டிருப்பாள். நிறுத்தியதும் வந்து சாவியை என் பள்ளிச் சட்டைப் பாக்கெட்டில் போட்டு, மேலே பேனாவைக் குத்திவிடுகிறாள்.

"ஏன் லாத்தா எங்கிட்ட?"

"யாராச்சும் வந்து கேட்டா, சாவி வீட்ல இல்லன்னு சொல்லலாம்ல? இத்தாவுல பொய் சொல்லக் கூடாதுடா."

நீங்கள் போனபிறகு அவள் செய்த முதல் குறும்பு அது. நான் சிரித்திருக்க வேண்டும். என் தொழிலே அதுதான். ஆனால் கணக்கு சார் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது, வெளியே எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் என் கை தானாகப் பாக்கெட்டுக்குப் போய்விடுகிறது. இருக்கிறது. கரும்பலகைக்குத் திரும்புகிறேன். மறுபடியும் ஒரு வண்டி போகிறது.