என் பேரில் நீ ஊதிய மூச்சு

அக்கா,

இன்று காலையில் நம் தோல் கம்பெனியில் பஃபிங் செக்‌ஷன் வாசலில் எல்லாருக்கும் புது மாஸ்க் கொடுத்தார்கள். பிளாஸ்டிக் கவரைக் கிழித்ததும் ரப்பரும் புதுத் துணியும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியது. வருஷத்துக்கு ஒரு நாள்தான் நமக்கு அந்த வாசனை. சர்க்கார் சட்டப்படி தொழிலாளிகளுக்கு உடம்பு டெஸ்ட் எடுக்கிற வண்டி வருகிறது என்று யாரும் சொல்லாமலே தெரிந்துவிடும். மாஸ்க் வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கினார் சூப்பர்வைசர். சாயங்காலம் திருப்பி வாங்கி பீரோவில் வைத்துவிடுவார்கள். அதற்குக் கையெழுத்து கிடையாது.

போன வருஷம் அந்தக் கையெழுத்து லிஸ்டில் என் பேருக்கு மேலே உன் பேர் இருந்தது. இப்போது அங்கே வேறொருத்தி பேர். உன் மெஷினிலும் அவள்தான் நிற்கிறாள். அவள்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனாலும் அந்தப் பக்கம் திரும்ப மனசு வரவில்லை.

உப்புத்தாள் சுற்றின உருளையில் தோலைக் கொடுத்துத் தேய்க்கிற வேலை என்று வெளியாட்களிடம் சொன்னால், அவ்வளவுதானா என்பார்கள். தோல் வழவழப்பாகி வெளிநாட்டுக்குப் போகும். அதிலிருந்து பறக்கிற தூள் நம்மோடு வீட்டுக்கு வரும். கறுப்புத் தோல் ஓடினால் கறுப்புச் சளி, சிவப்புத் தோல் ஓடினால் சிவப்புச் சளி. முந்தானையில் மூக்கைச் சிந்திவிட்டு, "இன்னிக்கு நமக்கு இன்னா கலர்டி?" என்று நீ கேட்பாய். குடியாத்தம் பஸ்ஸில் நம் பக்கத்து சீட்டு காலியாகவே இருக்கும். "பாத்தியா, நமக்கு மட்டும் ரிசர்வேஷன்" என்று காலை நீட்டி உட்கார்வாய்.

உன் மூச்சைப் பற்றி ஆம்பூரில் உங்கள் சர்ச்சுக்கு வருகிற எல்லாருக்கும் தெரியும். ஒரு கிறிஸ்துமஸுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனாயே. பாட்டின் கடைசியில் எல்லாரும் நிறுத்தின பிறகும் உன் குரல் மட்டும் போய்க்கொண்டே இருந்தது. முன்வரிசைப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். நீ பாட்டை முடித்துவிட்டுக் கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்ணடித்தாய்.

அந்த மூச்சுதான் நம் செக்‌ஷனில் எல்லாருக்கும் சோறு போட்டது.

டெஸ்டில் ஒரு குழாயை வாயில் வைத்து ஊதச் சொல்வார்கள். பக்கத்து செக்‌ஷனில் நமக்கு முன்னாலிருந்தே வேலை செய்த ஒரு அம்மாவால் சரியாக ஊத முடியவில்லை. வைத்தியம் பார்ப்பார்கள் என்று நினைத்தோம். "ரெஸ்ட் எடுத்துட்டு வாங்கம்மா" என்று அனுப்பினார்கள். ரெஸ்ட் முடிந்து வந்தபோது வாட்ச்மேன் கேட்டைத் திறக்கவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் நீ அந்த வழியைக் கண்டுபிடித்தாய். கம்பெனியில் யாரும் சொல்லித்தரவில்லை, நாமாகச் செய்துகொண்டோம். இருமல் இருக்கிறவளின் கோட்டையும் டோக்கனையும் வாங்கி மாட்டிக்கொண்டு அவள் பேரில் நீ போய் ஊதிவிட்டு வருவாய். எல்லாருக்கும் ஒரே நீலக் கோட்டு, ஒரே தொப்பி. மூஞ்சியை மாஸ்க் மூடிவிடும். ஊதுவதற்காக அதை இறக்கினாலும் உள்ளே டெஸ்ட் எடுக்கிறவனுக்கு நம்மில் யாரையும் தெரியாது.

"மாட்டிக்குவியோன்னு பயமா கீதுக்கா" என்று ஒரு தடவை சொன்னேன்.

"அவன் கம்ப்யூட்டரையே பாத்துனு கீறான்டி. நான் மீசை வெச்சினு போனாலும் ஊதுன்னுதான் சொல்வான்."

எல்லாரும் சிரித்தோம். சிரித்துச் சிரித்து எனக்கு இருமல் வந்தது. நீ முதுகைத் தட்டிக் கொடுத்தாய்.

போன வருஷம் உனக்கும் இருமல் வந்துவிட்டிருந்தது. வெளியில் காட்டிக்கொள்ளமாட்டாய். வண்டி வந்ததும் என்னிடம்தான் முதலில் வந்தாய்.

"கோட்டக் கழட்டு."

"வேணாங்க்கா. நைட்டெல்லாம் தூங்காம இருமுறன்னு உன் பொண்ணு சொல்லுது."

"அது சொல்லும். எனக்குக் கொஞ்சம் கம்மியானாலும் உன்ன விட ஜாஸ்திதான்டி. கழட்டு, பேஜார் பண்ணாத."

போனாய், வந்தாய். "உன் பேருக்கு சூப்பரா வந்துச்சு. டீ வாங்கிக் குடு" என்றாய். அப்புறம் இன்னொருத்திக்கு, அப்புறம் இன்னொருத்திக்கு. கடைசியில்தான் உன் சொந்தப் பேரைக் கூப்பிட்டார்கள். உள்ளே நீ இருமுவது வெளியே எங்களுக்குக் கேட்டது. "இன்னொரு வாட்டி ஊதுங்க, இன்னொரு வாட்டி" என்று அவன் சொல்வதும் கேட்டது. வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாய். "காத்தே வரலடி" என்று சொல்லிச் சிரித்தாய். எங்களில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அந்த வாரமே உன்னை ரெஸ்ட் எடுக்கச் சொன்னார்கள்.

நீ போய்ச் சேர்ந்த பிறகு வந்த கிறிஸ்துமஸுக்கு நான் தனியாக உங்கள் சர்ச்சுக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். எல்லாரும் நிறுத்தின இடத்தில் பாட்டும் நின்றுவிட்டது.

அக்கா, உன்னிடம் சொல்ல வேண்டியது இனிமேல்தான். நீ படுக்கையில் இருந்தபோது நடந்திருந்தால் எப்படியும் உன் காதில் விழுந்திருக்கும். நடந்தது அதற்கப்புறம்.

அம்மாவுக்கு வந்தது வேலையால் வந்த நோய் என்று எழுதி வாங்க வேண்டும் என்று உன் பொண்ணு கம்பெனி ஆபீசுக்குப் போனாள். துணைக்கு நான் போனேன். அந்த ஆபீசர் கோபப்படவே இல்லை. உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். ஒரு ஃபைலைத் திறந்து ஒவ்வொரு தாளாகத் திருப்பினார்.

"பாரும்மா. இதே செக்‌ஷன், இதே தூசி, இதே மாதிரி மெஷின். எல்லாருக்கும் நார்மல். தூசியால வந்திருந்தா எல்லாருக்கும்தான வந்திருக்கணும்? உங்கம்மாவுக்கு வேற எதாலயோ வந்திருக்கு."

மேலே இருந்தது என் தாள். என் பேர், என் டோக்கன். அதில் இருந்த மூச்சு உன்னுடையது. அடுத்த தாளிலும் நீதான். அதற்கடுத்ததிலும் நீதான். உன் நெஞ்சிலிருந்து போன காற்றை வைத்தே உன்னைப் பொய்யாக்கிவிட்டார்கள். அவருக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும்.

பஸ் ஸ்டாண்டில் உட்கார வைத்து உன் பொண்ணிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். "அம்மா இப்பிடித்தான் சின்னம்மா. வீட்லயும் எல்லாருக்கும் போட்டுட்டுத்தான் அது சாப்புடும்" என்றாள்.

அப்புறம் வேலூரில் சர்க்கார் ஆபீஸில் மனு கொடுத்தோம். "ஒரு ஆள் பேப்பர வெச்சினு ஒண்ணும் பண்ண முடியாதும்மா. அதே செக்‌ஷன்ல இன்னொருத்தருக்கும் இருந்தா கேஸ எடுக்கலாம்" என்றார் மனு வாங்கினவர். உன் பொண்ணு என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்துவிடக்கூடாது என்றுதான் தலையைக் குனிந்துகொண்டாள் என்று எனக்குப் புரிந்தது.

இன்றைக்கு மாஸ்க்கை மாட்டிக்கொண்டு நான் நின்றபோது, உன் மெஷினில் நிற்கிறவள் பக்கத்தில் வந்தாள். "அக்கா, உன் கோட்டக் குடு. நான் ஊதிட்டு வந்துர்றேன். எனக்கு நல்லா வருது" என்றாள். யாரோ அவளுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். என் பொண்ணுக்கு காலேஜ் இன்னும் முடியவில்லை. வீட்டுக்காரருக்குத் தறி வேலை சில நாள் உண்டு, சில நாள் கிடையாது. எல்லாம் ஒரு நிமிஷத்தில் மனசில் ஓடியது. கோட்டின் பொத்தானை இறுக்கிப் போட்டுக்கொண்டு, "வேணாம்மா. உன் மூச்ச உனக்கு வெச்சுக்கோ" என்றேன்.

உள்ளே இந்தத் தடவை ஒரு டாக்டர் அம்மா. கம்ப்யூட்டரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். ஊதினேன். பாதியில் இருமல் வந்தது. மறுபடியும் ஊதினேன்.

"போன வருஷம் ரொம்ப நல்லா ஊதியிருக்கீங்களே?"

"அது நான் இல்லம்மா."

டாக்டர் அம்மா பேனாவைக் கீழே வைத்தார். "அத நான் எழுத முடியாதும்மா. இன்னிக்கு வந்தத எழுதறேன்" என்றார். தாளில் என் வேலைக்கு எதிரே வெறும் உதவியாளர் என்று போட்டிருந்தது. தோல் தேய்க்கிற வேலை என்று எழுதச் சொன்னேன். எழுதினார். கேட்டதும் ஒரு காப்பியும் கொடுத்தார்.

வெளியே வந்ததும் சூப்பர்வைசர் தாளை எட்டிப் பார்த்தார். அவர் மூஞ்சி மாறிவிட்டது. "ஏம்மா, உனக்கு இன்னா தலையெழுத்தா? யாரையாவது அனுப்பியிருக்கலாம்ல" என்று மெதுவாகச் சொன்னார். அவருக்கும் தெரிந்துதான் இருந்திருக்கிறது அக்கா, இத்தனை வருஷமும். நாளையிலிருந்து ரெஸ்ட் எடுக்கச் சொல்லிவிட்டார்.

நம் செக்‌ஷனில் மூச்சு குறைவு என்று எழுதின தாள் இதுவரைக்கும் உன்னுடையது ஒன்றுதான் இருந்தது. இனிமேல் நீ தனி ஆள் இல்லை.

காலையில் அந்தக் காப்பியை உன் பொண்ணு கையில் கொடுக்கப் போகிறேன். காட்பாடி ஸ்டேஷனைத் தாண்டி அவள் வேலை செய்யும் கடைக்குப் போக வேண்டும், மேம்பாலப் படி ஏறவேண்டும். நின்று நின்றுதான் ஏற முடியும். என் சொந்த மூச்சு, எவ்வளவு தூரம் வருகிறதோ அவ்வளவு தூரம்.