வரிகள் அக்காவுடையவை

மார்ச் 4
இசை உரிமைச் சங்கத்திலிருந்து கடிதம். வானொலியிலும் ஓட்டல்களிலும் எங்கள் பாட்டுகள் ஒலிக்க, இசையமைப்பாளர்கள் எங்கள் எல்லோர் சார்பிலும் அனுமதி கொடுப்பவர்கள். நான் மெட்டமைத்த மழைப் பாட்டின் வரிகளுக்கு இன்னொருவர் உரிமை கோரியிருக்கிறாராம். வழக்கு தீரும்வரை பாட்டை ஒலிபரப்ப யாருக்கும் அனுமதி கிடையாதாம்.
இன்னொருவர்! என் அக்கா.

மார்ச் 5
எழுதப் பிடிக்கவில்லை.

மார்ச் 7
எழுதித்தான் ஆகவேண்டும். ஏழு வருஷம் முன்பு பதிவுப் படிவத்தை நிரப்பியவள் நான். அக்கா பிரசவத்துக்குப் படுத்திருந்தாள். அவள் கையெழுத்தில்லாமல் அவள் பெயரைச் சேர்க்க முடியாது. அன்றே கடைசி நாள். மெட்டு — நான். வரிகள் — அதுவும் நான். அப்புறம் திருத்திக்கலாம் என்று நினைத்தேன். அந்த அப்புறம் வரவேயில்லை. வானொலியில் என் பெயரை மட்டும் கேட்ட அன்று அக்கா பேச்சை நிறுத்தினாள். நானும் வீம்பாக இருந்துவிட்டேன்.
வீம்பா? இல்ல. வெக்கம்.

மார்ச் 11
சங்கத்துக்குப் போனேன். “அவங்ககிட்ட ஆதாரம் ஒண்ணுமில்ல மேடம். நீங்க மறுத்தா தள்ளுபடிதான்” என்றார் பதிவு அதிகாரி, எனக்கு நல்லது செய்வதாக நினைத்து.
ஆதாரம் அவளிடம் இருக்காது. என் இழுப்பறையில் இருக்கிறது. அவள் வரிகளை எழுதித் தந்த தாள்: அவள் கையெழுத்து, அடித்தல் திருத்தல், ஓரத்தில் ‘இங்க இழுத்துப் பாடு கழுதை’.
கோரிக்கையில் காரணமாக ஒரே வரி எழுதியிருக்கிறாள்: ‘நான் எழுதிய பாட்டு என்றால் என் மகள் நம்புவதில்லை.’

மார்ச் 12
தாளை ஒப்படைத்தேன். கூடவே கடிதம்: வரிகள் முழுவதும் அக்காவுடையவை, பொய்ப் பதிவு என்னுடையது.
அதிகாரி இரண்டு தரம் படித்தார். “யோசிச்சுதான் எழுதினீங்களா?”
“ஏழு வருஷமா யோசிச்சேன் சார்.”

மார்ச் 26
அக்காவிடமிருந்து போன். சங்கம் நகல் அனுப்பியிருக்கிறது.
“இத்தன நாளா அந்தத் தாளை வெச்சிருந்தியா?”
“ம்.”
“கிழிச்சுப் போட்டிருக்கலாமேடி.”
எப்படிக் கிழிப்பேன்? அழுகைதான் வந்தது. அவள் போனை வைக்கவில்லை. “மூக்கச் சிந்திட்டு வா, இருக்கேன்” என்றாள்.
இருந்தாள்.

ஏப்ரல் 9
பதிவைத் திருத்தியாகிவிட்டது, பாட்டுக்குத் தடை நீங்கியது. அக்கா நேற்றே மகளோடு வந்துவிட்டாள். புதிதாக ஏதோ எழுதுகிறாள். இரண்டாவது அடி தாளத்தில் இடிக்கிறது என்றேன். “உன் தாளத்த மாத்திக்கோ” என்கிறாள். காலையிலிருந்து சண்டை. சின்னவள் எங்கள் இருவர் மடியிலும் நீட்டிப் படுத்துத் தூங்கிவிட்டாள். இருவராலும் எழுந்து போக முடியவில்லை.