கவுன்சிலர் வீட்டுக்காரரின் ஆட்டம்

ஜூலை 7, திங்கள்

டாக்டர் தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொல்லியிருக்கிறார். இன்று காலை ஒன்றரை மணி நேரம் வெளியில் இருந்தேன். போன தூரம், தெருமுனை டீக்கடை வரை.

வாசலைத் தாண்டியதும் ஒருவர், குழாயில் காற்றுதான் வருகிறது என்றார். அடுத்து ஒரு அம்மா, தெருவிளக்கு. அதற்கடுத்து சிலர் சேர்ந்து வந்து கால்வாய் அடைப்பு. "கவுன்சிலர் சார், வந்து ஒரு தபா மோந்து பாத்துட்டுப் போங்க" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனார்கள். மோந்து பார்த்தேன். உண்மைதான்.

நான் கவுன்சிலர் இல்லை. கவுன்சிலர் அலமு. நான் அலமுவைக் கட்டியவன். எங்கள் வார்டு பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டதும் அவளை நான்தான் நிற்க வைத்தேன். ஓட்டு அவளுக்கு விழுந்தது, மாலை எனக்கு விழுந்தது. மூன்று வருஷத்துக்கு மேலாக இப்படித்தான் ஓடியது. ஏப்ரலில் எனக்கு நெஞ்சடைப்பு வரும் வரை. ரத்தக்குழாய் அடைப்பை ஆஸ்பத்திரியில் ஒரே நாளில் எடுத்துவிட்டார்கள். தெருக் கால்வாய் அடைப்பு அப்படியே இருக்கிறது.

ஜூலை 10, வியாழன்

பெங்களூரில் இருந்து மகள் தீபிகா ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறாள். டிவியில் மாட்டுகிற டான்ஸ் கேம். "அப்பா, நீ தெருவுல நடந்தா கட்சி ஊர்வலம் மாதிரி ஆயிடுது. வூட்டுக்குள்ளயே ஆடு" என்றாள். போனிலேயே சொல்லிச் சொல்லி மாட்ட வைத்தாள். கூடவே ஒரு வாட்ச். நாடித்துடிப்பு எவ்வளவு என்று அது அவளுக்கே சொல்லிவிடுமாம், கேமின் ஸ்கோரும் அவள் போனுக்குப் போய்விடுமாம். கட்சியில் கூட என்னை இப்படி யாரும் வேவு பார்த்ததில்லை.

வலது கையில் ரிமோட் மாதிரி ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். டிவியில் நீல முடிக்காரி ஒருத்தி ஆடுவாள். அவள் ஆடுகிற மாதிரியே ஆடினால் 'சூப்பர்' என்று வரும். தப்பாக ஆடினால் சிவப்பில் பெருக்கல் குறி.

கதவைத் தாழிட்டுக்கொண்டு ஆடினேன். பாட்டு முடிவதற்குள் லுங்கி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். திரை முழுக்கப் பெருக்கல் குறி. கண்ணாயிரம், பம்ப்செட் கடை முதலாளி, முன்னாள் வட்டச் செயலாளர், தாமல் ஏரிக்கரையில் பிறந்து வளர்ந்தவன். அவனை ஒரு நீல முடிக்காரி பெருக்கல் குறி போட்டு அடித்துவிட்டாள்.

ஜூலை 11, வெள்ளி

தொடை. இரண்டு தொடையும்.

ஜூலை 19, சனி

ஒரு ரகசியம் கண்டுபிடித்தேன். கேமுக்குக் கால் தெரியாது. கைதான் தெரியும். நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு வலது கையை மட்டும் அவள் மாதிரி வீசினால் போதும், 'சூப்பர்' கொட்டுகிறது. இன்று டீ குடித்துக்கொண்டே மூன்று பாட்டு ஜெயித்தேன். அரசியலில் இருந்தவனுக்கு இதெல்லாம் சொல்லித் தர வேண்டுமா?

சாயங்காலம் தீபிகா போன் பண்ணினாள்.

"அப்பா, ஸ்கோரு ஏறிக்கினே போவுது, நாடி ஏறவே இல்லியே. உக்காந்துக்கினு ஆடுறியா?"

"இல்லம்மா. நின்னுக்கினுதான்..."

"அப்பா."

"உக்காந்துக்கினுதான்."

அந்த வாட்சைக் கழற்றி அரிசி டின்னுக்குள் போட்டுவிடலாமா என்று பார்த்தேன். அலமு பார்த்துவிட்டாள்.

ஆகஸ்ட் 2, சனி

வேகமான பாட்டு. இனிமேல் எழுந்து நின்றுதான் ஆடுவது என்று வீம்பு. பாதியில் நெஞ்சு அடித்துக்கொண்டது. அடித்துக்கொண்டது என்றால், அடுத்த வீட்டுத் தறிச் சத்தமா என் நெஞ்சா என்று தெரியாத அளவுக்கு. தரையில் உட்கார்ந்துவிட்டேன். ரிமோட் கட்டிலுக்கு அடியில் உருண்டு போனது.

வந்துடுச்சா? மறுபடியும்? இந்த லுங்கியிலயா? கவுன்சிலர் வீட்டுக்காரர் பொம்மைப் பாட்டுக்கு ஆடி மண்டையப் போட்டாருன்னு பேனர் வைப்பானுங்களே...

ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டது. டாக்டருக்குப் போன் செய்து கேட்டேன். மூச்சு வாங்குவது வேறு, நெஞ்சடைப்பு வேறு, ஆனால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்றார். அலமுவிடம் சொல்லவில்லை. இங்கே மட்டும் எழுதுகிறேன்: பயந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

உடம்பு தேறுகிறது. மெதுவான பாட்டுகளை நின்றபடியே முழுசாக ஆடி முடிக்கிறேன். இடுப்பு மட்டும் இன்னும் என் பேச்சைக் கேட்பதில்லை.

வேறு ஒன்றும் கவனித்தேன். அலமுவின் போன் என்னிடம் வருவதே இல்லை. முன்பெல்லாம் அவள் போன் என் சட்டைப் பையில்தான் இருக்கும். யார் அழைத்தாலும் "சொல்லுங்க, கவுன்சிலர் ஆபீஸ்" என்று நான் எடுப்பேன். ஆஸ்பத்திரியில் படுத்தபோது அவள் கைக்குப் போனது, அங்கேயே நின்றுவிட்டது. காலையில் சாப்பாடு செய்து வைத்துவிட்டு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறாள். எங்கே என்று கேட்டால், "தண்ணி டேங்க் ஆபரேட்டரப் பாக்கணும்" என்கிறாள். டேங்க் ஆபரேட்டரை எனக்குத்தானே தெரியும்?

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மானம் போயிற்று.

வார்டுக்குத் தண்ணீர் வால்வு திறக்கும் சரத்குமார், நம்ம பையன்தான், தேர்தலில் எனக்காக — சரி, அலமுவுக்காக — ராப்பகலாக உழைத்தவன். ஏதோ சொல்ல வந்திருக்கிறான். ஜன்னல் திறந்திருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கையையும் தூக்கி, இடுப்பை... இதற்கு மேல் எழுத முடியாது. அவன் போனில் எடுத்து 'தலைவர் கெத்து' என்று வார்டு வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டான். பாசத்தில்தான் போட்டான். அழித்துவிட்டேன் தலைவரே என்று அழாத குறையாகச் சொன்னான்.

அழித்தது அவன் போனில். பெரிய காஞ்சிபுரம் முழுக்க இப்போது நான் ஆடிக்கொண்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 25, திங்கள்

திருஞானசம்பந்தம் கையில் சிக்கிவிட்டது. போன தேர்தலில் அலமுவிடம் தோற்ற கமலாட்சியின் வீட்டுக்காரர். என்னைப் போலவே அவரும் மனைவி பெயரில் தேர்தலில் நின்றவர். வீடியோவுக்கு மேல் எழுதியிருக்கிறார்: 'கால்வாய் நாறுது, கவுன்சிலர் புருஷன் ஆடுறாரு.'

எதுகைகூட இல்லை. ஆனால் பரவுகிறது.

கடைக்குப் போகவில்லை. பால் வாங்கக்கூட அலமுதான் போனாள். வந்தவளிடம், "யாராவது எதுனா சொன்னாங்களா?" என்றேன். "பால்காரரு, சாரு நல்லா ஆடுறாருன்னாரு" என்றாள். முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. கோபப்பட்டிருக்கலாம்.

ஆகஸ்ட் 28, வியாழன்

மாவட்டச் செயலாளர் அழைத்தார். அலமுவை அல்ல, என்னை.

"இன்னா கண்ணாயிரம், அசிங்கமா இருக்குது. அந்தக் கேம எல்லாம் மூட்ட கட்டு. அடுத்த எலெக்‌ஷன்ல சீட்டு வேணுமா வேணாமா? நீ வெளிய வந்து நில்லு. ஜனம் உன்னத்தான் பாக்கும். உன் வூட்டுக்காரம்மாவுக்கு இன்னா தெரியும் பாவம்."

திட்டுதான். ஆனால் உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. என்னைத்தான் பார்க்குமாம். என்னைத்தான்! கேமைக் கழற்றிப் பெட்டியில் போட்டேன். வெள்ளை வேட்டியை எடுத்து இஸ்திரிக்குக் கொடுத்தேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

இன்று வார்டு ஜனம் குறை சொல்கிற பகுதி சபைக் கூட்டம். சமுதாயக் கூடத்தில். "நீங்க வர வேணாம், நான் பாத்துக்கிறேன்" என்றாள் அலமு. நான் கேட்கவில்லை. பழக்கப்படி மேடையில் அவள் பக்கத்தில் எனக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். பழக்கப்படி உட்கார்ந்தேன்.

கூட்டம் தொடங்கியதுமே திருஞானசம்பந்தம் எழுந்தார். "கவுன்சிலர் சாரு டான்ஸ் ப்ராக்டீஸ்ல பிஸியா இருப்பாரு. டைம் இருந்தா எங்க கால்வாயயும் கொஞ்சம் பாக்கச் சொல்லுங்கபா" என்றார். கூடமே சிரித்தது. என் கடைக்கு வாடிக்கையாக வருகிறவர்களும் சிரித்தார்கள். சரத்குமார் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

காது சூடாகிவிட்டது. பதில் சொல்ல எழுந்தேன். அலமு என் கை மேல் கையை வைத்தாள்.

"உக்காருங்க."

மைக்கை அவள் எடுத்தாள். அவள் மைக்கில் பேசி நான் கேட்டதில்லை. மேடையில் எப்போதும் வணக்கம் சொல்லிவிட்டு என்னிடம் கொடுத்துவிடுவாள்.

"ஆமாங்க, ஆடுறாரு. ஏப்ரல்ல இவருக்கு நெஞ்சுல அடைப்பு. தெனம் நடக்கணும்னு டாக்டரு சொன்னாரு. தெருவுல நடக்க உட்டீங்களா நீங்க? பத்தடிக்கு ஒருத்தரு நிறுத்தி தண்ணி, லைட்டு, கால்வாய்னா மனுசன் எங்க நடப்பான்? அதான் வூட்டுக்குள்ள ஆடுறாரு. ஆடட்டும். எனக்கு அவரு உசுரோட இருக்கணும்."

சிரிப்பு நின்றுவிட்டது.

"கால்வாயப் பத்தி அவர ஏன் கேக்குறீங்க? கவுன்சிலரு நானு. மூணு வருஷத்துக்கு மேல ஆச்சு, உங்கள்ல ஒருத்தரு கூட என்ன வந்து கேட்டதில்ல. இப்ப கேளுங்க."

பின்வரிசையில் தறிக்காரர் வீட்டு அம்மா ஒருத்தி, செல்லியம்மாள், எழுந்தாள். "சரிம்மா, உன்னியே கேக்குறேன். எப்ப எடுப்ப?"

"தீபாவளிக்கு முன்னாடி. அடைப்பு எல்லாரும் நெனைக்கிற மாதிரி கோயில் மதில் பக்கம் இல்லக்கா, உங்க சந்து திரும்புற இடத்துல இருக்குது. எஞ்சினியரோட போய்ப் பாத்துட்டேன். மெஷினுக்கு எழுதிக் குடுத்துருக்கேன். வரலன்னா என் வூட்டு வாசல்ல வந்து நில்லு."

கை தட்டினார்கள். நானும் தட்டினேன். மேடையில் உட்கார்ந்துகொண்டு தட்டாமல் இருக்க முடியுமா?

செப்டம்பர் 8, திங்கள்

கோபம்தான். யார் மேல் என்று தெரியவில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

மாவட்டச் செயலாளர் மறுபடி அழைத்தார். "இன்னாபா, அவங்க பேசறாங்களே!" என்றார். ஆமாங்க, பேசறாங்க என்றேன். போனை வைத்துவிட்டார்.

நினைத்துப் பார்த்தால், கூட்டத்தில் அவள் என்னை ஒரு வார்த்தை குறைத்துப் பேசவில்லை. என்னைக் காப்பாற்றத்தான் எழுந்தாள். பிறகு ஏன் வலிக்கிறது? சந்து திரும்புகிற இடத்தில் அடைப்பு என்று எனக்குத் தெரியாதே, அதுவா? மோந்து பார்த்தவன் நான். எங்கே என்று பார்த்தவள் அவள்.

செப்டம்பர் 13, சனி

"இன்னாங்க, ரெண்டு வாரமா டிவி சத்தமே காணோம்?" என்றாள்.

"நிறுத்திட்டேன். மாவட்டம் வேணாம்னுட்டாரு."

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அவரா உங்கள ஆம்புலன்ஸ்ல தூக்கிக்கினு போனாரு?"

அணைந்து கிடந்த டிவியைப் பார்த்தேன்.

"வண்டில உங்க கையப் புடிச்சுக்கினே வந்தேன். சில்லுனு இருந்துது. இந்தப் பக்கம் பேசுனா அந்தப் பக்கம் பாக்குறீங்க. டிரைவரு, பேசிக்கினே வாங்கம்மான்றான். எனக்கு இன்னா பேசறதுன்னு தெரியல. வார்டு சமாசாரமா பேசிக்கினு வந்தேன்." சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயம் என்று நான் நினைத்துக்கொண்டேன். இல்லை. நினைக்கவில்லை. எனக்குத் தெரியும்.

பெட்டியைப் பிரித்து மாட்டினேன். ஜன்னலைச் சாத்தப் போனேன். "தெறந்தே இருக்கட்டும், புழுக்கம்" என்றாள். நீல முடிக்காரி வந்தாள். ஆடினேன். அலமு சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பாட்டு பாதியில் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சு விடாமல்... கல்யாணமான புதுசில் கூட இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. "அய்யோ, அந்த இடுப்பு... இடுப்ப மட்டும் உட்ருங்க" என்றாள்.

விடவில்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

காலையில் கால்வாய் மெஷின் வந்துவிட்டது. அலமு ஆறு மணிக்கே போய்விட்டாள், சாப்பிடாமல். மத்தியானம் நான் சாதமும் சாம்பாரும் டிபன் கேரியரில் போட்டுக்கொண்டு நடந்தே போனேன். வழியில் இரண்டு பேர் எதிரே வந்தார்கள். நின்று பேசத் தயாரானேன். "இன்னா சார், வாக்கிங்கா?" என்று கேட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள்.

செல்லியம்மாள் சந்து திரும்பும் இடத்தில் கூட்டம். மெஷின் பெரிய குழாயை உள்ளே விட்டு உறுமிக்கொண்டிருந்தது. அலமு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, எஞ்சினியரிடம் கையைக் காட்டி ஏதோ சொன்னாள். அவர் தலையாட்டினார். திருஞானசம்பந்தமும் வந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் இல்லை, முன்னால், அலமுவிடம் எதையோ கேட்டுக்கொண்டு நின்றது அவர் மனைவி கமலாட்சி.

நான் பழக்கத்தில் மெஷின் பக்கம் போனேன். வெளியூர் பையன் ஓட்டுகிறான். "ஏம்பா, இன்னும் கொஞ்சம் உள்ள உடு" என்றேன்.

அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பெரியவரே, ஓரமா நில்லுங்க, சேறு அடிக்கும். மேடம் சொல்லுவாங்க" என்றான்.

கொஞ்சம் சுருக்கென்றது. பொய் சொல்வானேன், நன்றாகவே சுருக்கென்றது.

அலமு என்னைப் பார்த்தாள். கேரியரையும் பார்த்தாள். இரண்டு நிமிஷம் என்று தூரத்திலிருந்தே கையைக் காட்டினாள்.

சுவரோரமாகப் போய் நின்றேன்.