ஓம் என்றது மந்திரம் அல்ல

அனுப்புநர்:
திருமதி அக்னெஸ் அருமைராசா
(காலஞ்சென்ற நீக்கிலாப்பிள்ளை அருமைராசாவின் மனைவி)
செயின்ட்-மிஷேல், மொன்றியல்.

பெறுநர்:
மறுபரிசீலனை அதிகாரி அவர்கள்
முன்னாள் நோயாளர் விண்ணப்பப் பிரிவு
ஒட்டாவா.

பொருள்: என் கணவர் மந்திரம் ஓதித் தன் மனத்தைத் தானே கெடுத்துக்கொண்டார் என்று அவருடைய கோப்பில் எழுதப்பட்டிருக்கும் வரியை நீக்குவது தொடர்பாக.

மதிப்புக்குரிய ஐயா,

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். ஆங்கிலத்தில் எழுதித் தருகிறேன் என்று மகள் றெஜினா சொன்னாள். நான் வேண்டாம் என்றுவிட்டேன். என் கணவரிடமிருந்து எடுக்கப்பட்டது தமிழ், அதற்கான முறைப்பாடும் தமிழிலேயே வரட்டும். மொழிபெயர்ப்பது உங்கள் அலுவலகத்தின் வேலை. ஆனால் யாழ்ப்பாணத்துத் தமிழ் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள். ஏன் அப்படிக் கேட்கிறேன் என்பது ஆறாம் பந்தியில் விளங்கும்.

1. என் கணவர் 1960ஆம் ஆண்டு பொறியியல் படிக்க இந்த நகரத்துக்கு வந்தவர். வந்த முதல் குளிர்காலத்தில் தாய் செத்துப்போனதாகத் தந்தி வந்தது. போக முடியவில்லை. அதற்குப் பிறகு நித்திரை வரவில்லை. படித்த இடத்து வைத்தியர் அவரை மலைச்சரிவில் இருந்த மனநோய் மருத்துவமனைக்கு அனுப்பினார். நித்திரைக் குளிசை தருவார்கள் என்று நினைத்துத் தன் பையைத் தானே தூக்கிக்கொண்டு நடந்து போனவர் அவர். யாரும் கட்டி இழுத்துப் போகவில்லை.

2. அங்கே நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் என் கையால் எழுதுகிறேன். மருந்து கொடுத்து வாரக்கணக்காக நித்திரையில் போட்டார்கள். தலையில் மின்சாரம் பாய்ச்சினார்கள். தலையணைக்குக் கீழே ஒலிநாடாவை ஓடவிட்டார்கள். “அம்மாவை மறக்க விருப்பமா? அம்மாவை மறக்க விருப்பமா?” என்று ஆங்கிலத்தில் ஒரே கேள்வி. அது கோப்பிலேயே இருக்கிறது. அவர் அழுது சொன்ன துக்கத்தையே எடுத்துக் கேள்வியாக்கி, அவருடைய காதுக்குள் திருப்பி ஊற்றினார்கள். மனிதருடைய மனத்தைத் துடைத்துவிட்டுப் புதிதாக எழுத முடியுமா என்று பார்த்த பரிசோதனை அது என்றும், அமெரிக்க உளவுத்துறையின் பணம் வேறு பெயரில் வந்தது என்றும், கனடா அரசாங்கமும் பணம் கொடுத்தது என்றும் பத்திரிகைகளில் வந்துவிட்டது. அப்போது அவரிடம் மட்டும் ஒருவரும் சொல்லவில்லை, சம்மதம் கேட்கவுமில்லை.

3. 1962இல் ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். கூட்டிக்கொண்டு வரப் போன தகப்பனைப் பார்த்து, “குட் ஈவினிங், சேர்” என்றாராம். எங்கள் குருநகர்ச் சந்தையில் சனம் வாயை நெளித்துப் பழித்துக் காட்டியது. “கனடாவுக்குப் போன துரைக்குத் தமிழ் வாயில வராதாமெல்லே!” என்றார்கள். துரைத்தனம் ஒன்றும் இல்லை, ஐயா. தமிழே இல்லை. சுவரில் மாலை போட்டிருந்த படத்தைக் காட்டி, அது யார் என்று கேட்டாராம். அது அவருடைய தாய்.

4. படித்த பெண்ணை அவருக்குக் கொடுக்க யாரும் முன்வரவில்லை. என்னைக் கட்டிக் கொடுத்தார்கள். முதல் கிழமை நானும் பெருமை பிடித்த மனிதர் என்றே நினைத்தேன். ஒரு மத்தியானம் சோற்றுக் கோப்பையோடு குசினிக்கு வந்தார். உப்புப் போத்தலைத் தொட்டார். கேட்கத் தெரியாமல் அப்படியே நின்றார். நான் “உப்பு” என்றேன். அவரும் “உப்பு” என்றார். அங்கேதான் தொடங்கினோம்.

நான் எப்படிச் சொன்னேனோ அப்படியே பிடித்துக்கொண்டார். எங்கள் ஊரில் பெண்சாதி புருஷனை “இஞ்சருங்கோ” என்று கூப்பிடுவாள். புருஷன் பெண்சாதியை அப்படிக் கூப்பிடுவதில்லை. இவர் என்னை “இஞ்சருங்கோ” என்றே கூப்பிட்டார். கோயில் வாசலில் ஆம்பிளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். “என்ன அருமை, மனிசி எங்கை? ஒருக்காக் கூப்பிடு, கேப்பம்!” என்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டு கூப்பிடுவார். நான் அதை மட்டும் திருத்தவில்லை. எனக்குப் பிடித்திருந்தது.

5. சண்டைக்குப் பயந்து 1986இல் நாங்கள் வந்து சேர்ந்ததும் இதே மொன்றியல். ஒருநாள் பஸ் மலைப் பக்கம் திரும்பியது. மணியை அடித்து, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பனிக்குள் இறங்கிவிட்டார். வீடு வரைக்கும் நடந்தோம். ஏன் என்று கேட்டதற்கு, தனக்குத் தெரியாது என்றார். அதற்குப் பிறகுதான் றெஜினா நூலகத்தில் பழைய பத்திரிகைகளைத் தேடி எடுத்து எங்களுக்கு எல்லாவற்றையும் சொன்னாள்.

அரசாங்கம் விண்ணப்பம் கேட்டபோது அவரும் போட்டார். சிகிச்சையால் குழந்தை நிலைக்குக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு மட்டும்தான் நட்டஈடு என்று விதி வைத்திருந்தீர்கள். உங்கள் ஆட்கள் ஆங்கிலத்தில் கேட்டார்கள், அவர் ஆங்கிலத்தில் பதில் சொன்னார். 1994இல் மறுப்பு வந்தது. அதை வாசித்து மடித்து வைத்துவிட்டு என்னிடம் “இல்லையாம்” என்று மட்டும் சொன்னார். நானும் அதற்கு மேல் கேட்கவில்லை.

6. இந்த வருடம் ஜனவரியில் அவர் இறந்துபோனார். முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த பிறகு றெஜினா அந்த மறுப்பை எடுத்து எனக்கு வாசித்துச் சொன்னாள். அதில் இரண்டு காரணங்கள் இருந்தன. முதலாவது, அவர் படித்த மனிதரைப்போல ஆங்கிலம் பேசுகிறார், ஆகவே குழந்தை நிலை அல்ல. இரண்டாவது, நித்திரையில் அவர் விடாமல் “ஓம், ஓம்” என்று ஓதியதாகத் தாதி குறித்து வைத்திருக்கிறாள். அது இந்து சமய மந்திரம். மனத்தை வெறுமையாக்கும் அந்தப் பழக்கத்தாலேயே தாய்மொழி மறந்திருக்கலாம். ஆகவே பழி சிகிச்சைமேல் இல்லை என்று எழுதியிருந்தது.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. “மந்திரமோ? செபமாலையே ஒழுங்காச் சொல்லாத மனுசன்!” என்றேன். பிறகு கதிரையில் இருந்துவிட்டேன். அந்த வரியை இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னேன்.

ஐயா, நாங்கள் பரம்பரையாக வேதக்காரர், கத்தோலிக்கர். எங்கள் வீட்டில் யாரும் மந்திரம் ஓதியதில்லை. யாழ்ப்பாணத்தில் “ஓம்” என்றால் “ஆம்”. கடைக்காரன் கேட்டாலும் ஓம், சுவாமியார் கேட்டாலும் ஓம், தாய் குசினிக்குள் இருந்து கூப்பிட்டால் “ஓம் அம்மா, வாறன்.” அவ்வளவுதான்.

7. அது மந்திரம் என்று உங்களுக்குச் சொன்னவர் கர்க்லாண்டில் இருக்கும் வைத்தியர் அனந்தராமன். அவருடைய பெயர் மறுப்பிலேயே இருந்தது. சண்டை போடுவதற்கென்றே றெஜினாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் தமிழ்நாட்டுக்காரர். வயது போன மரியாதையான மனிதர். அவருடைய மனைவி ரமா என்னைப் பார்த்து, “காபி சாப்பிடறேளா?” என்று கேட்டார். “ஓம்” என்றேன். “சர்க்கரை போடலாமா?” “ஓம், ஓம்.” “பஸ்லயா வந்தேள்?” “ஓம்.”

வைத்தியர் கையிலிருந்த கோப்பையை மேசையில் வைத்தார். “அம்மா, இப்ப என்ன சொன்னீங்க? இன்னொரு தரம் சொல்லுங்கோ” என்றார். நான் சொன்னேன். அவருடைய ஊரில் ஆமாம் என்பார்களாம். ஓம் என்பது சாமிக்கு முன்னால் மட்டும்தானாம். உங்கள் அலுவலகம் தொலைபேசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டதாம்: “ஓம் என்றால் தமிழருக்கு என்ன?” நோயாளி எந்த ஊர், எந்தச் சமயம் என்று சொல்லவில்லையாம். தான் தவறாகச் சொல்லிவிட்டதாக அவர் எழுதிக் கையெழுத்திட்டது இத்துடன் இருக்கிறது. அவரோடு எனக்குக் கோபம் இல்லை. அரைக் கேள்வி கேட்டு முழு மனிதரைத் தள்ளிவிட்டவர்களோடுதான் கோபம்.

8. இதை வாசித்துவிட்டு, “அப்படியென்றால் அம்மாவை மறக்க விருப்பமா என்று கேட்டதற்கு அவர் ஆம் என்று சம்மதித்திருக்கிறார்” என்று அடுத்த வரியை எழுதிவிட வேண்டாம். அந்த வழியையும் இங்கேயே அடைக்கிறேன். எங்களில் ஓம் என்பது சம்மதத்துக்கு மட்டும் அல்ல. கூப்பிட்டது கேட்டது, நான் இங்கே இருக்கிறேன் என்பதற்கும் அதுதான். காதுக்குள் யாரோ ஆங்கிலத்திலாவது அம்மா பேச்சை விடாமல் எடுத்துக்கொண்டிருந்தபோது, மருந்தில் கிடந்த பிள்ளை ஓம் என்று குரல் கொடுத்திருக்கிறது. அவரிடம் கடைசியாக மிஞ்சி நின்ற தமிழ் அது. அதையும் அவருக்கு எதிராக எழுதி வைத்தீர்கள்.

9. மாசி மாதம் உங்கள் அலுவலகத்துக்கு றெஜினாவைக் கொண்டு தொலைபேசி எடுப்பித்தேன். “தொசியே ஃபெர்மே, மதாம்” என்று பிரெஞ்சில் சொன்னார்கள். ஆள் இறந்ததால் கோப்பு மூடியாகிவிட்டதாம். அவரைப் புதைத்தவள் நான். எதை மூடலாம், எதை மூடக் கூடாது என்று எனக்குத் தெரியும். இதே மருத்துவமனையில் கிடந்து, முன்பு விண்ணப்பம் மறுக்கப்பட்ட ஒரு பெண்ணுக்குச் சார்பாகச் சென்ற வருடம் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதையும் மகள் வாசித்துக் காட்டினாள். ஆகவே திறக்க முடியாத கோப்பு என்று ஒன்று இல்லை.

நான் நட்டஈடு கேட்கவில்லை. தருவதென்றால், வாய் திறக்க மாட்டேன் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு தருவீர்களாம். அந்தக் கையெழுத்து என்னிடம் கிடைக்காது. அவர் தன் மனத்தைத் தானே கெடுத்தார் என்ற வரியை வெட்டுங்கள். அந்த இடத்தில், அவருக்குச் செய்யப்பட்டதைச் செய்யப்பட்டபடி எழுதுங்கள். குழந்தை நிலை என்று கேட்டீர்கள் அல்லவா? முப்பது வயது மனிதருக்கு உப்பு, தண்ணி, அம்மா என்று சொல்லிக் கொடுத்தவள் உயிரோடு இருக்கிறேன். என்னைக் கூப்பிட்டு விசாரியுங்கள்.

அவர் ஓம் என்ற குரல் ஏதாவது ஒலிநாடாவில் பதிந்து கிடந்தால் ஒருமுறை எனக்குப் போட்டுக் காட்டுங்கள். அவர் என்னோடு பேசியதெல்லாம் என் தமிழ். அவருடைய சொந்தத் தமிழை நான் ஒருநாளும் கேட்டதில்லை.

கோப்பைத் திறக்கிறீர்களா, இல்லையா? நீண்ட பதில் எழுதி என்னைச் சுற்றவிட வேண்டாம். இல்லை என்றால், வருகிற மாதம் உங்கள் வாசலில் வந்து இருப்பேன். திறப்பதென்றால் ஒரே ஒரு சொல் எழுதி அனுப்புங்கள், போதும். ஓம் என்று எழுதுங்கள். நான் அதை மந்திரம் என்று நினைக்க மாட்டேன்.

விட்டுக்கொடுக்காமல் காத்திருக்கும்,

(ஒப்பம்)
அக்னெஸ் அருமைராசா

இடம்: மொன்றியல்
நாள்: 18 ஏப்பிரல் 2005

இணைப்பு: வைத்தியர் அனந்தராமன் கையெழுத்திட்ட வாக்குமூலம்