தானாகச் சாத்திக்கொண்ட கதவு

காசிம் மச்சான், சௌக்கியமா? கைவலி விட்டதா? அங்கே உனக்குச் சுண்ணாம்பு அதிகம் வைத்து வெற்றிலை மடித்துத்தர யாராவது இருக்கிறார்களா?

எனக்கு எழுத்துத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். உன் வீட்டுக்கு எதிரே மரத்தடியில் மனு எழுதுகிறவரிடம் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். இன்று உன் நாற்பதாம் நாள். உள்ளே சோறு வேகிறது. உன் சம்சாரம் பாத்திமா கூப்பிடுவதற்குள் இதைச் சொல்லி முடிக்க வேண்டும். உன்னிடம் ஒருதரம் சொல்லிவிட்டால்தான் அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரும்.

லஸ் டாக்டரின் கார் கதைதான். பத்துப் பன்னிரண்டு வருஷம் கடற்காற்று தின்ற கார். நாலு மட்கார்டு, நாலு கதவு, எல்லாம் புதிதாகப் போடச் சொன்னார். மரச்சட்டம் என் வேலை. அதன்மேல் தகரம் போர்த்தி ஓரத்தில் பித்தளைப் பட்டை அடிப்பது உன் வேலை. மாம்பலத்தில் ஏரியைத் தூர்த்த மண்ணில் நம் கொட்டகை. அந்த ஏரியில் என் மாமனார் ஒரு விரால் பிடித்தார், தொடை கனம் இருக்கும், வீட்டுக்கு வந்தும் மூன்று நாழிகை துள்ளியது. சரி, அது கிடக்கட்டும்.

மற்ற கதவுகளெல்லாம் பொருந்திவிட்டன. பின்பக்கத்து இடது கதவு மட்டும் நம்மைப் படுத்தியது. ஒருநாள் சாயங்காலம் மெத்தென்று சாத்தும். மழை பெய்த மறுநாள் வந்து பார்த்தால் பூட்டுப் பக்கம் இடிக்கும். நான் சீவினேன், நீ தட்டினாய். மறுபடி மழை, மறுபடி இடித்தது. நான் உன்னைச் சந்தேகப்பட்டேன். நீ என்னைச் சந்தேகப்பட்டாய்.

அன்றைக்கு நீதான் ஆரம்பித்தாய்.

"இன்னா மாணிக்கம், நான் வூட்டுக்குப் போனப்புறம் சட்டத்த சீவிக்கினு கீறியா?"

"சட்டம் நல்லாத்தான் கீது. உன் தகரம் வீங்கிக்கீது, அத்த பாரு."

"தகரம் இன்னா இட்லி மாவா, ராவுல பொங்கறதுக்கு? கட்டவண்டி செய்றவன் கைல காரக் குடுத்தா இப்டித்தான்."

"ஈயம் பூசறவன்லாம் கார் வேல பேசறான்" என்றேன் நான். அது பாத்திரத்துக்கு ஈயம் பூசிய உன் அத்தாவைச் சொன்னது. தெரிந்தேதான் சொன்னேன்.

உன் கையில் தகரம் தட்ட வைத்திருந்த மரக் கொட்டாப்புளி என் வாயில் விழுந்தது. முன்பல் ஒன்று தொண்டைக்குள் போயிற்று. காரின் படிக்கட்டுப் பலகைமேல் விழுந்தேன். பித்தளைப் பட்டையில் என் ரத்தம் ஒழுகியது. எழுந்து பார்க்கிறேன், நீ கொட்டாப்புளியைக் கீழே போட்டுவிட்டு அந்தக் கதவுக்கிட்ட குனிந்து நிற்கிறாய். இடுக்கில் விரலை விட்டு, "வா மச்சான், நீயே வந்து கை வெச்சுப் பாரு, எங்க இடிக்குதுன்னு" என்கிறாய். சண்டை உனக்கு அத்தோடு முடிந்துவிட்டது.

எனக்கு முடியவில்லை. காலைத் தூக்கி அந்தக் கதவை உதைத்தேன். உன் கை உள்ளே இருப்பதைப் பார்த்துக்கொண்டேதான் உதைத்தேன்.

மனு எழுதுகிறவர் பேனாவை நிறுத்திவிட்டார். "இதையும் எழுதணுமாப்பா?" என்கிறார். எழுதுங்க சாமி என்றேன்.

நீயே அடித்த பட்டை, உன் இரண்டு விரலில் எலும்புவரை இறங்கியது. நீ கத்தவில்லை. "தொற, தொற" என்று மட்டும் சொன்னாய். வீட்டில் போய்க் கதவு காற்றில் சாத்திக்கொண்டது என்றாய். ஏன் அப்படிச் சொன்னாய் மச்சான்? எட்டாம் நாள் உனக்குப் பல் கிட்டிக்கொண்டது. உடம்பு வில்லாக வளைந்து கட்டிலை விட்டு எழும்பியது. காலை நான்தான் அழுத்திப் பிடித்திருந்தேன். கண் மட்டும் என்னையே பார்த்தது. அந்த வாய் திறந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

உன்னைக் கிடத்திய சந்தாக்கைத் தோளில் தூக்கினேன். கொட்டகையில் எல்லாரும், கவனம் இல்லாதவன், தன் கதவிலேயே கையைக் கொடுத்தான் என்றார்கள். பாத்திமாவின் காதிலும் அது விழுந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. என் வேலையைக் கெடுத்தவனுக்கு வேண்டியதுதான் என்றுகூட உள்ளே ஒரு நினைப்பு ஓடியது.

போன வாரம் டாக்டரின் டிரைவர் காரை எடுக்க வந்தார். அந்தக் கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தேன். நாலு பேர் தள்ளிக் காரை ரோட்டுக்குக் கொண்டுவந்தோம். சமமான இடத்தில் நின்றதும் கயிறு தொய்ந்தது. கதவு தானாக வந்து சாத்திக்கொண்டது. சத்தமே இல்லை. இடுக்கில் ஒரு காகிதம்கூட நுழையாது.

உள்ளே ஓடிப்போய்த் தரையைப் பார்த்தேன். மூன்று சக்கரம் நின்ற இடம் லேசாகத்தான் பதிந்திருந்தது. நாலாவது நாலு விரல் ஆழம் புதைந்திருந்தது. ஒரு குடம் தண்ணீரை ஊற்றினேன். அத்தனையும் அந்தக் குழிக்கே ஓடியது. ஒவ்வொரு மழைக்கும் ஏரி மண் இறங்கியிருக்கிறது. கார் முறுக்கிக்கொண்டு நின்றிருக்கிறது. நீயும் எதையும் கெடுக்கவில்லை, நானும் கெடுக்கவில்லை.

எங்கள் ஊரில் கட்டைவண்டிக்குச் சக்கரம் ஏற்றுமுன் தரையைத்தான் முதலில் மட்டம் பார்ப்போம். எனக்கு எட்டு வயதில் தெரிந்தது அது. கார் என்றதும் எப்படி மறந்தேன்?

இன்றைக்குச் சோற்றில் கை வைக்குமுன் அவளிடம் சொல்லிவிடுவேன். காற்று இல்லை, என் கால் என்று சொல்வேன். உன் வேலையில் ஒரு குறையும் இல்லை என்று கொட்டகையிலும் சொல்வேன். போலீசைக் கூப்பிட்டால் போகிறேன். காறித் துப்பினால் துடைக்காமல் நிற்பேன். இது உன்மேல் ஆணை.

இதோ, பாதி சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து அவள் குரல் கேட்கிறது. "அண்ணே, இன்னா அங்கியே குந்திக்கினு கீறீங்க? சோறு ஆறிப்பூடும், உள்ள வாங்க." போகிறேன் மச்சான். அந்தக் கதவை, அவள் கை எங்கே இருக்கிறது என்று பார்த்துத்தான் தள்ளுவேன்.

உன் மச்சான்,
மாணிக்கம்